கிட் காரில் ஸ்வர்ல் பாட்: நாலு வருஷம் ஓட்டிய அனுபவம்

இங்கிலாந்தில், பாகங்களாக வாங்கி நானே கட்டி ஓட்டும் கிட் கார் இது. லோட்டஸ் செவன் என்ற சின்னத் திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் பாணி உடம்பு, 1.8 லிட்டர் ஃபோர்டு ஸீடெக் இன்ஜின். பெட்ரோல் டேங்க், உள்ளே தடுப்புத் தகடு எதுவும் இல்லாத வெறும் அலுமினியப் பெட்டி. கால் டேங்குக்குக் கீழே போனால் ரவுண்டபவுட்டை, அதாவது ரவுண்டானாவை, சுற்றும்போதே இன்ஜின் திக்கும். இங்கே கடிகார முள் சுற்றும் திசையில்தான் சுற்ற வேண்டும். பெட்ரோல் முழுக்க இடப்பக்கம் ஒதுங்கும். என் டேங்கில் உறிஞ்சும் குழாய் இருப்பதோ வலப்பக்கம். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் அதன் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் கொஞ்சம் சமாளிக்கும். பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்ஷனில் பம்புக்குள் காற்று புகுந்த உடனே 3 பார் அழுத்தம் சரிந்துவிடும்.

அதனால் டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே, எப்போதும் பெட்ரோல் நிரம்பியிருக்கும் ஒன்றரை லிட்டர் சின்னக் கலம் ஒன்றை, அதாவது ஸ்வர்ல் பாட், வைத்தேன். டேங்கிலிருந்து சின்ன லோ பிரஷர் பம்ப் பாட்டை நிரப்பும். பாட்டின் அடியிலிருந்து ஹை பிரஷர் பம்ப் எடுத்து, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரிக்கும் குழாயான ஃப்யூயல் ரெயிலுக்கு அனுப்பும். பாட்டின் உச்சியிலிருந்து ஒரு குழாய் மிச்ச பெட்ரோலையும் காற்றையும் டேங்குக்குத் திருப்பும்.

நான் செய்த தப்பு நாலாவது குழாயில். அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரிலிருந்து திரும்பி வரும் மிச்ச பெட்ரோலை, அதாவது ரிட்டர்னை, நேராக டேங்கில் விட்டிருந்தேன். முதல் சில நிமிஷம் வண்டி அருமையாக ஓடும், பிறகு சட்டென்று அடங்கும். ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, சாவியை ஆன் செய்து லோ பிரஷர் பம்பைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் மறுபடி கிளம்பும். ஃபில்டர், ரிலே, எர்த் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்து இரண்டு வாரம் போனது. கடைசியில் பேப்பரில் கணக்குப் போட்டேன். ஹை பிரஷர் பம்ப் மணிக்கு 120 லிட்டர் இழுக்கிறது, லோ பிரஷர் பம்ப் தருவதோ 90. மணிக்கு 30 லிட்டர் குறைந்தால் ஒன்றரை லிட்டர் பாட் மூன்றே நிமிஷத்தில் காலி. முழு த்ராட்டிலில்கூட இந்த இன்ஜின் மணிக்குச் சுமார் 35 லிட்டர்தான் குடிக்கும். ரிட்டர்னைப் பாட்டுக்கே திருப்பினால் லோ பிரஷர் பம்ப் ஈடுகட்ட வேண்டியது அந்த 35 மட்டும். ஒரு ஹோஸை இடம் மாற்றியதும் அடங்குவது நின்றது, இன்றுவரை திரும்பவில்லை.

இன்னொன்று, ஹை பிரஷர் பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் நோஞ்சான். அதைப் பாட்டுக்குக் கீழே வைத்து, 12 மி.மீ. ஹோஸ் கொடுத்து, பம்புக்கு முன்னால் வலை ஃபில்டரும் பின்னால் பேப்பர் ஃபில்டரும் போடுங்கள். பேப்பர் ஃபில்டர் முன்னால் இருந்தபோது என் பம்ப் வெயில் நாளில் கீச்சென்று கத்தியது. மாற்றிய அன்றே அந்தக் கத்தல் போய்விட்டது.

ஹோஸில் காசு பார்க்காதீர்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலே ஈ10தான், அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பரை எத்தனால் தின்றுவிடும். என் காரில் பழைய ஹோஸ் ஒன்றை வளைத்துப் பார்த்தேன். கிளிப் ஓரத்தில் முடி முடியாக வெடிப்பு, விரலில் கறுப்பு மை மாதிரி ஒட்டியது. எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தர ஹோஸுக்கு மாற்றினேன். மோதினால் பம்பை நிறுத்தும் இனர்ஷியா ஸ்விட்சும் கட்டாயம் வையுங்கள்.

புதிதாக டேங்க் செய்பவர்களுக்கு நான் ஸ்வர்ல் பாட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளேயே தடுப்புத் தகடும் பம்பும் வைத்துச் செய்தால் இணைப்புகள் பாதியாகக் குறையும், பெட்ரோல் கசியும் இடமும் குறையும். டேங்கை ஏற்கெனவே வெல்ட் செய்து பொருத்திவிட்டவர்களுக்கு ஸ்வர்ல் பாட்தான் வழி. என் காரில் இப்போது ரிசர்வ் விளக்கு எரியும்போதும் ரவுண்டபவுட்டில் திக்கல் இல்லை.