டெரிட்டோரியல் ஆர்மியா, ஊர்க்காவல் படையா? வேலைய விடாம யூனிஃபார்ம் போட நெனைக்கிறவங்களுக்கு

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் விடியக்காலைல ஓடுற பசங்க நெறய பேரு ஏற்கனவே ஏதோ ஒரு வேலைல இருக்கறவங்க தான், ஹார்பர்ல காண்ட்ராக்ட், மணலி கம்பெனில ஷிப்ட், இல்லனா டெலிவரி. நாலு வருஷ ராணுவ வேலையான அக்னிவீருக்கு வயசு தாண்டிருக்கும், தாண்டலனாலும் நாலு வருஷம் கழிச்சு 25 சதவீதம் பேர வரைக்கும் தான் வெச்சுப்பாங்கன்னா யாரு கைல இருக்கற வேலைய விடுவா. மிச்சம், சிவில் வேலைல இருந்துக்கிட்டே பகுதி நேரமா ராணுவத்துல இருக்கற டெரிட்டோரியல் ஆர்மி, போலீசுக்கு உதவியா நிக்கற ஊர்க்காவல் படை, இந்த ரெண்டு தான்.

ஊர்க்காவல் படை சிம்பிள். 45 நாள், தினம் ஒரு மணி நேரம் கவாத்து, ஷிப்ட்ட கொஞ்சம் மாத்திக்கிட்டா முடிஞ்சுது, நைட்டு நம்ம வீட்லயே தூக்கம். அப்புறம் திருவிழா, தேர்தல், காணும் பொங்கலுக்கு மெரினா கூட்டம்னு கூப்பிடுவாங்க, ஒரு நாள் டியூட்டிக்கு 560 ரூபா. அத நம்பி குடும்பம் நடத்த முடியாது, நடத்தச் சொல்லி அவங்களும் சொல்லல.

டெரிட்டோரியல் ஆர்மி வேற லெவல். 18 வயசுல இருந்து 42 வரைக்கும் போலாம், ஜவானுக்கு பத்தாவது, ஆபிசருக்கு டிகிரியும் சொந்த வருமானமும் வேணும். ஆபிசர் கணக்க பாருங்க: மொத வருஷம் ஒரு மாசம் பேசிக் ட்ரெயினிங், வருஷா வருஷம் ரெண்டு மாசம் கேம்ப், ரெண்டு வருஷத்துக்குள்ள பரங்கிமலை ஓடிஏ-ல (ராணுவ ஆபிசர் ட்ரெயினிங் அகாடமி) மூணு மாசம். கூட்டுனா மொத ரெண்டு வருஷத்துல மட்டும் 8 மாசம்! பரங்கிமலை நம்மூரு தானேன்னு நெனைக்காதீங்க, விம்கோ நகர்ல மெட்ரோ ஏறி தினம் போய்ட்டு வர்ற கதை இல்ல அது, உள்ளயே தான் இருக்கணும். அந்த நாளுக்கெல்லாம் ரெகுலர் ஆர்மி சம்பளம் வரும், அதுல குறை சொல்ல முடியாது.

பயப்படுறவங்க எல்லாம் ஓட்டத்தையும் இந்தி கமாண்டையும் பாத்து தான் பயப்படுறாங்க. சாவ்தான் (அட்டென்ஷன்), விஷ்ராம் (ஸ்டான்ட் அட் ஈஸ்), தாஹினே முட் (ரைட் டர்ன்), இதெல்லாம் கொஞ்ச நாள்ல காதுக்கு பழகிடும், பூட்ஸ் கடிச்ச கொப்புளமும் காஞ்சிடும். காயாதது மேனேஜர் மூஞ்சி தான். வருஷத்துக்கு ரெண்டு மாசம் லீவு குடுக்கற பிரைவேட் கம்பெனி எத்தன இருக்கு? படைக்கு அழைச்சா திரும்ப வேலைல சேத்துக்கணும்னு 1948 டெரிட்டோரியல் ஆர்மி சட்டத்துலயே இருக்கு, ஆனா அப்பாயின்ட்மென்ட் ஆர்டரே இல்லாத காண்ட்ராக்ட் ஆளு எத காட்டி கேப்பான்.

இன்னொன்னு, கிரிக்கெட் தோனிக்கு 2011ல டெரிட்டோரியல் ஆர்மில குடுத்தது கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி, அத பாத்துட்டு இத பார்ட் டைம் ஜாலின்னு எடுத்துக்காதீங்க. 2025 மே மாசம் மொத்தம் 32 இன்ஃபன்ட்ரி பட்டாலியன்ல 14 பட்டாலியன முழுநேர டியூட்டிக்கு இறக்க ஆர்டர் வந்துச்சு. கூப்பிட்டா போய்த்தான் ஆகணும்.

அதனால என்ன கேட்டா ரயில்வே, பேங்க், ஈபின்னு பர்மனென்ட்டா இருக்கறவங்க கண்ண மூடிட்டு டெரிட்டோரியலுக்கு ட்ரை பண்ணலாம், தினக்கூலி, டெலிவரி ஆளுங்களுக்கு ஊர்க்காவல் படை தான் சரி, அத கௌரவக் குறைச்சலா பாக்கறது வெட்டி வீம்பு. கவர்மென்ட் வேலைனா ஆபிஸ்ல என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கற சர்டிபிகேட்) வேணும், அத மொதல்ல எழுதிக் கேட்டு வெச்சுடுங்க, ஓட்டத்த அப்புறம் பாத்துக்கலாம்.