ஆர்வி கூரை வென்ட்: ஊற்றும் சீலன்ட்டா, ஒட்டும் டேப்பா?

அமெரிக்க ஆர்விகளில் (தங்கும் வசதியுள்ள பயண வண்டிகளில்) கூரை வென்ட் என்பது காற்றுப் போக்குவரத்துக்கான, பெரும்பாலும் 14 அங்குலச் சதுரத் திறப்பு. அதன் விளிம்பைச் சுற்றி நீர் புகாமல் இருக்கப் பூசிய பசையான சீலன்ட் வெயிலில் வெடித்தால் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கும். உள்ளே சீலிங்கில் பழுப்புக் கறை தெரியும்போது மேலே பிளைவுட் ஊறியிருக்கும். அதனால் வென்ட்டின் பூச்சி வலையைக் கழுவுவதைவிட இந்த விளிம்பைப் பார்ப்பதுதான் முக்கியம்.

இதற்குப் பலரும் நாடுவது இரண்டு: டைகார் போன்ற தானாகப் பரவும் லேப் சீலன்ட், எடர்னாபாண்ட் என்ற நீர் புகாத ஒட்டும் டேப்.

டைகாரை விளிம்பிலும் ஸ்குரூ தலைகள் மேலும் ஊற்றினால் மேடுபள்ளம் பார்த்து அதுவே படிந்துகொள்ளும். மேலே சீக்கிரம் ஆடை கட்டினாலும் முழுதாக இறுக 30 நாள் வரை ஆகலாம். சில ஆண்டுகளில் மயிரிழை விரிசல் விடும். ஆனால் பழைய பூச்சு உறுதியாக ஒட்டியிருந்தால் நன்றாகத் துடைத்துவிட்டு அதன் மேலேயே புதிதாக ஊற்றலாம். இதுதான் அதன் பெரிய பலம். செங்குத்தான பக்கங்களுக்கு மட்டும் வழியாத வகையைத் தனியாக வாங்க வேண்டும்.

எடர்னாபாண்ட் வேறு ரகம். சுத்தமான, காய்ந்த பரப்பில் வைத்து உருளையால் அழுத்தினால் உடனே பிடிக்கும், பல ஆண்டுகள் அசையாது. சிக்கலும் அந்தப் பிடியில்தான். பழைய சீலன்ட்டை வழித்தெடுக்காமல் ஒட்டினால் மேடுகளுக்கு அடியில் இடைவெளி நிற்கும். நான்கு மூலைகளிலும் மடிப்பு விழாமல் ஒட்டுவதற்குப் பொறுமை வேண்டும். நாளை வென்ட்டையே மாற்ற நேர்ந்தால் டேப்பை உரிக்கும்போது ரப்பர் கூரையும் சேர்ந்து கிழியக்கூடும்.

என் கட்சி தெளிவு: வென்ட்டுக்கு டைகார், கூரையின் நீளமான மூட்டுகளுக்கு எடர்னாபாண்ட். வென்ட் என்றாவது ஒருநாள் கழற்றி மாற்ற வேண்டிய பொருள். பிளாஸ்டிக் சுரண்டியும் கொஞ்சம் சூடும் இருந்தால் டைகாரைப் பெயர்த்துவிடலாம். கூரையும் பக்கச்சுவரும் சேரும் இணைப்பை யாரும் அடிக்கடி பிரிப்பதில்லை. அங்கே டேப்பின் பிடிவாதம் நல்லதே.

மலிவாகக் கிடைக்கிறதே என்று வீட்டுச் சிலிகானை மட்டும் எடுக்காதீர்கள். காய்ந்த சிலிகான் மேல் அடுத்து எதுவும் சரியாக ஒட்டாது. அதை முழுக்க எடுப்பதே பெரிய வேலையாகிவிடும்.

எதைத் தேர்ந்தாலும் முதலில் கூரை சுத்தமாக வேண்டும். மிதமான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் கூரை என்றால் பெட்ரோலிய, சிட்ரஸ் வகைக் கிளீனர்கள் வேண்டாம், ரப்பரை ஊதவைத்துவிடும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஏறிப் பாருங்கள், ஈரக் கூரையில் ஏற வேண்டாம். உள்ளே ஃபேன் இருந்தால் 12 வோல்ட் ஃபியூஸை எடுத்துவிட்டு இறக்கையை ஈரத்துணியால் துடையுங்கள். வலையைக் கழற்றிக் கழுவலாம்.

அப்புறம் மூடி. சாதாரண வெள்ளை பாலிபுரோப்பிலீன் மூடி வெயிலில் நொறுங்கிப்போகும். விலை கூடினாலும் பாலிகார்பனேட் வாங்குங்கள். ஜென்சன், எலிக்சர், வென்ட்லைன் என்ற மூன்று வென்ட் பிராண்டுகளுக்கும் கீல் அமைப்பு வேறு வேறு. பழைய மூடியின் கீலைப் படம் எடுத்து ஒப்பிட்ட பிறகே ஆர்டர் செய்யுங்கள்.