ஊருப் பேச்சு கேட்டு ஏமாந்து 48,600 ரூவா போச்சு, ஜெர்மனில படிக்கிற நம்ம பிள்ளைங்க ஒண்ணு வாசிச்சிருங்க

கோவத்துல கை நடுங்குது, அங்கங்க தப்பா டைப் ஆனா கண்டுக்காதீங்க. ஃபுட்பால் மேட்ச் டிக்கெட்டும் ட்ரிப்பும் போட்டுத் தர்றேன்னு காச வாங்கி ஏமாத்துன ஆளு, நேத்து ராத்திரி தான் என்னைய கடைசி நம்பர்லயும் பிளாக் பண்ணுனான். சூடு ஆறதுக்கு முன்னாடி எழுதிப் போட்டுரணும், இல்லன்னா நாலு நாள் கழிச்சு நானே "போட்டும் சவம்"னு விட்டுருவேன், என்னைய எனக்குத் தெரியும். போனது 48,600 ரூவா. மூணு பேருக்க பணம், அதுல ரெண்டு பேர இழுத்து விட்டது நான்.

எனக்கு குலசேகரம் பக்கம். அப்பாக்கு ரப்பர் பால்வெட்டு. நான் பாடர்போர்ன்ல மாஸ்டர்ஸ், ரெண்டாவது செமஸ்டர். விசாவுக்காக முன்கூட்டியே போட்டு வெச்ச பிளாக்டு அக்கவுண்டுல இருந்து மாசம் 992 யூரோ வரும், வாடகையும் இன்சூரன்ஸும் போக மிச்சத்துல தான் சோறு. ஆனா சனி ஞாயிறும் ரூம்லயே கெடந்தா பைத்தியம் புடிச்சிரும் இல்லியா. செமஸ்டர் ஃபீஸோடயே ட்ரெயின் டிக்கெட்டும் வந்துரும், ஐசிஇ மாதிரி வேக வண்டில ஏற முடியாது, மத்தபடி ரீஜனல் ட்ரெயின்ல ஜெர்மனி முழுக்க சுத்தலாம், அதனால டப்பால புளிசாதத்த அடைச்சிட்டு வெள்ளிக்கிழமை ராத்திரியே எங்க போலாம்னு மேப்ப விரிச்சிருவோம். மூன்ஸ்டர் போனோம், ஹனோவர் போனோம், ஒரு ஏரிக்கரையில உக்காந்து ஏத்தங்காய் சிப்ஸ் தின்னோம். எல்லாம் நல்லா தான் போச்சு. பந்து விஷயத்துல தான் வெனை, எங்க ஊர்ல பந்துன்னா ஃபுட்பால்.

எனக்க ரூம்மேட் தூத்தூர்க்காரன். தூத்தூர், சின்னத்துறை பக்கம் உள்ளவனுக்கு பந்துன்னா என்னன்னு குமரி மாவட்டத்துல யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். அவன் அண்ணன் நாள்கணக்குல கடல்லயே தங்கி மீன் புடிக்கிற தங்குகடல் போட்டுல போறவரு, இவன் இங்க வந்து இறங்குன அன்னைக்கே கேட்டது டார்ட்மண்ட் ஸ்டேடியம் எத்தன கிலோமீட்டர்னு தான். 81,365 பேர் கொள்ளுற ஸ்டேடியம், அதுல தெற்கு ஸ்டாண்டுல மட்டும் கிட்டத்தட்ட 25 ஆயிரம் பேர் நின்னுட்டே பாப்பாங்க, மஞ்சச் சுவர்னு பேரு. அங்க ஒரு மேட்ச் நின்னு பாத்துட்டா போதும், படிப்ப முடிக்கலன்னாலும் பரவாயில்லன்னு சொல்லுவான். ஆனா சீசன் டிக்கெட்டே 55 ஆயிரம் பேர் வாங்கி வெச்சிருக்காங்க, மிச்சத்துலயும் கிளப் மெம்பருக்கு தான் முதல்ல. ரெண்டு மேட்சுக்கு ஆன்லைன் கியூல நின்னு பாத்தோம். நின்னதோட சரி.

அப்ப தான் ஒரு இன்ஸ்டா பக்கம் கண்ணுல பட்டுது. பேரு போட மாட்டேன். வெளிநாட்டுல படிக்கிற தமிழ் பசங்களுக்கு வாரக்கடைசி ட்ரிப்பு போட்டுக் குடுக்குற பக்கம்னு மட்டும் வெச்சுக்கோங்க. பனில நின்னு சிரிக்கிற நம்ம பசங்க ஃபோட்டோ, ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், எல்லாத்துக்கும் கீழ "தேங்க்ஸ் அண்ணா, வேற லெவல்". நான் சும்மா ஒரு மெசேஜ் போட்டேன், டார்ட்மண்ட் மேட்ச் டிக்கெட் கெடைக்குமான்னு. ஊரு பேரும் போட்டேன், அது தான் நான் செஞ்ச மொத மடத்தனம்.

பதிலுக்கு வாய்ஸ் நோட்டு வந்துது. "லேய் மக்கா, நீ கொலசேகரமா? நமக்கு கருங்கல் பக்கம்லேய். எனக்க மாமா வீடு திருநந்திக்கரையில தான். திற்பரப்புல இப்பம் வெள்ளம் உண்டா?" எட்டு மாசமா டாங்கே, பிட்டேன்னு கேட்டு மரத்துப்போன காது இது. சென்னைக்காரன் கிட்ட பேசுனா நீ மலையாளியான்னு கேப்பான், மலையாளி கிட்ட பேசுனா பாண்டின்னு சிரிப்பான், நம்ம பேச்சு நமக்கு மட்டும் தான் வெளங்கும். அத ஜெர்மனில ஒருத்தன் இழுத்து இழுத்துப் பேசுனா எப்பிடி இருக்கும்? நான் அந்த வாய்ஸ் நோட்ட மூணு தடவ போட்டுக் கேட்டேன், சத்தியமா. ரூம்மேட்டுக்கும் போட்டுக் காட்டுனேன். அவனும் சிரிச்சுட்டு "நம்மாளு தான்லேய்"ன்னான். அவ்வளவு தான் விசாரணை, முடிஞ்சு போச்சு.

அவன் போட்டுக் குடுத்த பிளான் இது தான்: சனிக்கிழமை மேட்ச், மஞ்சச் சுவர்லயே டிக்கெட். ராத்திரி கொலோன்ல ஹோஸ்டல். ஞாயித்துக்கிழமை கதீட்ரல் கோபுரம், ரைன் ஆத்துல போட்டு. ட்ரெயினும் சேத்துன்னு வேற போட்டிருந்தான், நம்ம கைல தான் ட்ரெயின் டிக்கெட் கெடக்கே, அதுக்கு எதுக்கு காசுன்னு ஒருத்தனுக்கும் கேக்கத் தோணல. ஆளுக்கு 162 யூரோ, மூணு பேருக்கு 486. "யூரோல போட்டா இங்க டாக்ஸ்காரன் நோண்டுவான் மக்கா, நாட்டு அக்கவுண்டுல போடு, உனக்காச்சுட்டு நூறு ரூவா ரேட்டே போட்டுக்கிடுதேன்" அப்படின்னு பறஞ்சான். உபகாரம் செய்யுற மாதிரி. எங்களோட வந்த மூணாவது ஆளு திருச்சிப் பையன், அவன் ஒருத்தன் தான் பில்லு தருவாரான்னு கேட்டான். நான் அவன் மேல எரிஞ்சு விழுந்தேன், "எங்க ஊர்க்காரன்டா, பில்லு கேட்டா என்ன நெனப்பான்"னு. இப்ப அந்தப் பையன் மொகத்த பாக்க முடியல.

ரெண்டு பேரும் எனக்கு யூரோவா குடுத்தாங்க, நான் அப்பாவ கூப்பிட்டு ரூவாய போடச் சொன்னேன். மழையில வெட்டு நின்னு கெடந்த நேரம், ஒட்டுப்பால் (சிரட்டைல ஒட்டிக் காய்ஞ்ச ரப்பர்) வித்த காசும் சேத்து வெச்சிருந்ததுல இருந்து தான். அப்பா போன்ல ஒண்ணே ஒண்ணு கேட்டாவ, "ஆள நேர்ல பாத்திருக்கியா மக்ளே?" நான் சொன்னேன், நம்ம ஊரு தான்ப்பா, கருங்கல் பக்கம்னு. "அப்பம் சரி"ன்னு ஜிபேல 48,600 போட்டாவ. அஞ்சு நிமிஷத்துல அந்த ஆளு கிட்ட இருந்து "கிட்டி மக்கா".

மேட்ச் மூணரைக்கு, நாங்க ஒரு மணிக்கே போயிட்டோம். பாக்குற பக்கமெல்லாம் மஞ்சள். தூத்தூர்க்காரன் மஞ்ச துண்டு ஒண்ணு வாங்கி கழுத்துல சுத்திக்கிட்டான், 20 யூரோ, அத கணக்குல சேக்கல. கேட்டுல டிக்கெட்ட வெச்சா செவப்பு லைட்டு. திரும்ப வெச்சோம், செவப்பு. அங்க நின்ன பெரியவரு போன வாங்கிப் பாத்துட்டு "உன்கூல்டிஷ்"ன்னாரு, செல்லாதுன்னு. அவரு தான் காட்டித் தந்தாரு, மூணு டிக்கெட்லயும் ஒரே ஸ்கேன் கோடு, மேல பேர மட்டும் மாத்தி ஒட்டியிருக்கு. போதாததுக்கு வரிசை 14, சீட்டு நம்பர் இன்னதுன்னு வேற போட்டிருக்கு. நின்னு பாக்குற எடத்துக்கு என்னத்துக்குலேய் சீட்டு நம்பர்? அது கூட எங்க புத்தில உறைக்கல.

போன் போட்டேன், எடுக்கல. "புரோ சர்வர் இஷ்யூ, ஹாஃப் டைம்ல சரி ஆயிரும்"னு மெசேஜ். மக்கா போயி புரோ வந்தத அப்பவே கவனிச்சேன். உள்ள கோல் விழுந்த சத்தம் வெளிய கேட்டுது பாருங்க, தரையே அதிருது. தூத்தூர்க்காரன் கம்பிய புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னான், நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன்.

ஹோஸ்டலாவது இருக்கும்னு கொலோன் போனோம். ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு நல்லபடியா தான் பேசுச்சு, புக்கிங் இருந்துது, வியாழக்கிழமையே கேன்சல் பண்ணிட்டாங்கன்னு சொல்லுச்சு. பணம் கட்டாம புக் பண்ண வேண்டியது, கன்ஃபர்மேஷன நமக்கு அனுப்ப வேண்டியது, பொறவு ஃப்ரீயா கேன்சல் பண்ண வேண்டியது. இதெல்லாம் ஒரு வித்தை. சனிக்கிழமை ராத்திரி ரேட்டு எங்களுக்கு கட்டுப்படியாகாது. ஸ்டேஷனுக்கு எதிர்ல கதீட்ரல் படிக்கட்டுல உக்காந்தோம், குளுரு தாங்காம ஸ்டேஷனுக்கும் படிக்கட்டுக்கும் மாறி மாறி நடந்து, விடியக்காலைல வண்டி ஏறி ஹாம்ல மாறி வந்து சேந்தோம். கோபுரத்துல 533 படி ஏறணும்னு ஆசையா இருந்தவங்க, கீழ உள்ள படியோட திரும்பிட்டோம். அந்தக் கோயில 1248ல ஆரம்பிச்சு 1880ல தான் கெட்டி முடிச்சாங்களாம். நம்மாளு ரீஃபண்டு தர்றதும் அந்தக் கணக்கு தான் போல.

ஏன்னா பொறவு நடந்தது இன்னும் மோசம். மொத வாரம், ஏழு வேலை நாள்ல வந்துரும்னான். ரெண்டாவது வாரம், கிளப் பக்கம் தப்பு, நாங்களும் ஏமாந்துட்டோம்னான். அப்புறம் திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல நிக்குறேன், இறங்குனதும் போடுறேன். அப்புறம் அம்மாக்கு சொகமில்ல. அத கேட்டு நான், பாத்துக்கோங்க அண்ணே, பணம் பைய குடுங்கன்னு டைப் பண்ணுனேன், எனக்க புத்திய செருப்பால அடிக்கணும். அதுக்கு அப்புறம் வேற ஒரு நம்பர்ல இருந்து ரீஃபண்டு டீம்னு ஒருத்தன், 48,600 திரும்ப வரணும்னா 2,000 பிராசஸிங் கட்டணுமாம். அவன் பேச்சுலயும் அதே இழுவை. ஒரே ஆளு தான்னு அப்ப தான் மண்டையில ஏறுச்சு.

எனக்குத் தெரியாம அப்பா ஒரு நாள் பால்வெட்ட முடிச்சிட்டு பஸ்சு மாறி கருங்கலுக்கு போயிருக்காவ, அவன் எப்பவோ அனுப்புன அட்ரஸ ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டு. அங்க இருந்தது பூட்டிக் கெடந்த ஒரு கடை. பக்கத்து சாயாக்கடையில விசாரிச்சா அப்படி ஒரு ஆளே கெடையாது. போன்ல "சாயா நல்லா இருந்துது மக்ளே"ன்னு மட்டும் சொன்னாவ. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?

சைபர் மோசடிக்கு உள்ள 1930க்கு போன் பண்ணி, அவங்க போர்ட்டல்லயும் அப்பா பேர்ல புகார் போட்டாச்சு. ஆனா பணம் போன உடனே கூப்பிட்டா தான் அது அடுத்த அக்கவுண்டுக்கு தாவுறதுக்குள்ள நிறுத்தி வைக்க வழி இருக்கு. நாங்க பண்ணுனது நாலாவது வாரம். திருச்சிப் பையனுக்கு அவன் 162 யூரோவ நான் குடுத்துட்டேன், பார்சல் குடோன்ல பதிமூணு மணி நேரம் பொட்டி தூக்குன காசு. தூத்தூர்க்காரன் வாங்க மாட்டேன்னுட்டான், திட்டுனா கூட பரவாயில்ல.

சரி, பாத்து இருங்கன்னு விவரமா எழுதத் தான் ஆரம்பிச்சேன், ஷிஃப்டுக்கு நேரம் ஆச்சு, சுருக்கமா சொல்லிடுறேன். ஜெர்மனில இருந்துட்டு ரூவால போடுன்னு சொன்னா அப்பவே ஓடிருங்க. மேட்ச் டிக்கெட் கிளப்புக்க சொந்த சைட்லயோ அவங்களே நடத்துற மறுவிற்பனைலயோ மட்டும் வாங்குங்க, இல்லன்னா ரூம்ல படுத்துட்டு டிவில பாருங்க. ஹோஸ்டலுக்கு நீங்களே ஒரு போன் போட்டு புக்கிங் இருக்கான்னு கேளுங்க, முந்தின நாளும் கேளுங்க. ராத்திரி தங்கலும் சேத்து டூர் விக்கிறவன் முன்பணம் வாங்குனா சட்டப்படி "ஸிஷரூங்ஸ்ஷைன்"னு ஒரு பேப்பர் தரணுமாம், கம்பெனி படுத்தா பணம் திரும்ப வர்றதுக்கு உத்தரவாதம், இத எனக்கு யூனிவர்சிட்டில ஒரு சீனியர் அக்கா இப்ப தான் சொன்னாவ. அந்தப் பேப்பர கேளுங்க. பில்லு கேக்குற ஃப்ரெண்டு மேல எரிஞ்சு விழாதீங்க.

இன்னும் இருக்கு, பொறவு எழுதுறேன். காலைல ரூம்மேட் போன்ல பாத்தேன், அதே பக்கத்துல புதுசா ஆம்ஸ்டர்டாம் ட்ரிப்பு போட்டிருக்கான். "நம்ம குமரி மாவட்டத்து பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் ரேட்டு"ன்னு எழுதியிருக்கு, கீழ ஒருத்தன் "அண்ணே நான் மார்த்தாண்டம்"னு கேட்டிருக்கான். தம்பி, நீ இத வாசிச்சா ஒடனே எனக்கு ஒரு மெசேஜ் போடு.