பழைய போனில் சிதையும் இணையதளம்: மூன்று வழிகளும் நான் எடுத்த வழியும்

மியன்மாரின் யாங்கூனில் ஒரு கோயிலை ஒட்டி நடக்கும் தமிழ்ப் பள்ளிக்குச் சின்னதாக ஒரு இணையதளம் செய்து கொடுத்தேன். வகுப்பு நேரம், விடுமுறை, தேர்வு முடிவு, விழா அறிவிப்பு, அவ்வளவுதான். தமிழிலும் பர்மியத்திலும் இருக்கும். என் லேப்டாப்பில் நன்றாகத்தான் தெரிந்தது. மறுவாரம் பேரனைக் கூட்டிவந்த ஒரு தாத்தா போனை நீட்டி, “தம்பி, இதுல ஒண்ணும் படிக்க முடியலையே” என்றார். வாங்கிப் பார்த்தேன். அட்டவணைக் கட்டங்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக் கிடந்தன. மெனுவைத் தொட்டால் திறக்கவில்லை. பர்மிய எழுத்துகள் கலைந்து போயிருந்தன.

அந்த ஒரே போனில் மூன்று தனித்தனிக் கோளாறுகள். கட்டங்களை நான் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) தரும் கிரிட் என்ற கட்ட அமைப்பில் வைத்திருந்தேன். அது குரோமுக்கு வந்ததே 57ஆம் பதிப்பில், 2017 மார்ச்சில். தாத்தாவின் குரோம் அதைவிடப் பழசு. மெனுவை இயக்கும் ஜாவாஸ்கிரிப்டில் குரோம் 80க்குப் பிறகே புரியும் ஒரு குறியை எழுதியிருந்தேன். பர்மிய எழுத்துக்குக் காரணம் போனுக்குள்ளேயே இருந்த ஜோஜி எழுத்துரு. எழுத்துகளுக்குப் பொதுவான எண் தரும் யூனிகோட் முறையில் பர்மியத்துக்கு உரிய அதே எண்களை ஜோஜி வேறு விதமாகப் பயன்படுத்துகிறது. 2019 அக்டோபர் 1 முதல் நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறிவிட்டது, ஆனால் அதற்கு முன் வாங்கிய போன்கள் மாறவில்லை.

2014இல் ஊரிடூ, டெலினார் என்ற தொலைபேசி நிறுவனங்கள் வந்து 1,500 கியாட்டுக்கு சிம் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் இங்கே பல வீடுகளுக்குள் இணையம் நுழைந்தது, அதுவும் ஆண்ட்ராய்டு போன் வழியாக. கடைக்காரரே ஆப்களைப் போட்டுக் கொடுப்பார். சொந்தமாகக் கூகுள் கணக்கு இல்லாதவர்கள் நிறையப் பேர். கணக்கு இல்லையென்றால் பிளே ஸ்டோர் அப்டேட்டும் இல்லை, வாங்கிய அன்று இருந்த பிரவுசரே கடைசி வரைக்கும். கணக்கு இருந்தாலும் ஓர் எல்லை உண்டு: ஆண்ட்ராய்டு 5 குரோம் 95உடன் நின்றுவிட்டது, ஆண்ட்ராய்டு 6 குரோம் 106உடன், ஆண்ட்ராய்டு 7 குரோம் 119உடன். அந்தப் போன்கள்தான் கைமாறி இப்போது தாத்தா பாட்டிகளிடம் இருக்கின்றன.

சரி, என்ன செய்யலாம்? என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, “வேறு பிரவுசரில் திறந்து பாருங்கள்” என்று ஒரு பட்டையைப் போட்டுவிடுவது. ஐந்து நிமிட வேலை. ஆனால் புதுசு ஏறவே ஏறாத போனை வைத்திருப்பவரிடம் இதைச் சொல்லி என்ன பயன்? ஃபேஸ்புக்கில் லிங்கைத் தொடுபவருக்குக் குரோமே திறப்பதில்லை, ஃபேஸ்புக்குக்கு உள்ளேயே ஒரு ஜன்னல் திறக்கிறது. இங்கே ஐபோனில் எந்தப் பிரவுசரைப் போட்டாலும் அடியில் ஓடுவது சஃபாரியை இயக்கும் வெப்கிட் என்ற இயந்திரம்தான், அதுவும் ஐஓஎஸ் அப்டேட்டோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படுகிறது. அதனால் அங்கேயும் பிரவுசரை மாற்றிப் பலன் இல்லை. இந்த வழி பொருந்தும் ஓர் இடம் உண்டு: நாலைந்து கம்ப்யூட்டர் மட்டும் உள்ள அலுவலகம். விண்டோஸ் 7 மிஷினில் குரோம் 109க்கு மேல் ஏறாது. அங்கே ஃபயர்ஃபாக்ஸ் 115இன் நீண்ட ஆதரவுப் பதிப்பைப் போட்டுக் கொடுத்தால் காரியம் நடக்கும்.

இரண்டாவது, புதிய குறிகளைப் பழைய பிரவுசருக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் கருவிகள். ஸ்கிரிப்டைப் பேபல் மாற்றி எழுதும், பழைய பிரவுசர்கள் சிஎஸ்எஸ் பெயர்களுக்கு முன்னால் எதிர்பார்க்கும் முன்னொட்டுகளை ஆட்டோப்ரிஃபிக்ஸர் சேர்க்கும், இல்லாத வசதிகளைக் கோர்-ஜேஎஸ் போன்ற பாலிஃபில்கள் நிரப்பும். எந்தெந்தப் பிரவுசர் வரை வேண்டும் என்று பிரவுசர்ஸ்லிஸ்ட் என்ற பட்டியலில் ஒரு வரி எழுதினால் போதும், மற்றதை அவையே பார்த்துக்கொள்ளும். உண்மையிலேயே திறமையான கருவிகள். பெரிய பில்லிங் மென்பொருள், வங்கித் தளம் மாதிரி ஸ்கிரிப்ட் இல்லாமல் நகராத இடங்களில் இதைத் தவிர்க்க முடியாது என்றே நினைக்கிறேன். அந்த அளவு பெரிய வேலையை நான் செய்ததில்லை, அதனால் அங்கே இதற்கு எதிராகப் பேச மாட்டேன்.

மூன்றாவது, நான் எடுத்தது. பக்கத்தை, உள்ளடக்கத்தை எழுதும் வெறும் எச்டிஎம்எல்லில், மேலிருந்து கீழாக ஒரே பத்தியாக, ஸ்கிரிப்டே இல்லாமல் படிக்கும்படி முதலில் எழுதிவிட வேண்டும். அழகெல்லாம் அதன்மேல்தான். இது நடப்பதற்குக் காரணம் பிரவுசர்களின் ஓர் அடிப்படைக் குணம். புரியாத சிஎஸ்எஸ் வரியைப் பிரவுசர் தாண்டிப் போய்விடும், புரியாத எச்டிஎம்எல் குறியையும் அப்படித்தான். ஜாவாஸ்கிரிப்ட் அப்படி இல்லை. இலக்கணம் புரியாத ஒரே ஒரு குறி இருந்தாலும் அந்த ஃபைல் முழுவதும் ஓடாது. தாத்தாவின் மெனு செத்தது அதனால்தான்: முந்நூறு வரியில் ஒரு வரி.

ஆகவே சிஎஸ்எஸ்ஸில் பழைய விதியை முதலில் எழுதி, புதியதை அதன் கீழே எழுதுகிறேன். தெரிந்த பிரவுசர் கீழே உள்ளதை எடுத்துக்கொள்ளும், தெரியாதது மேலே உள்ளதோடு நிற்கும். கிரிட் அமைப்பு முழுவதையும், “இது உனக்குத் தெரியுமா?” என்று பிரவுசரைக் கேட்கும் ‘சப்போர்ட்ஸ்’ விதிக்குள் வைத்துவிட்டேன். பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ் அமைப்பில் இடைவெளி கொடுக்கும் ‘கேப்’ மட்டும் இதில் ஏமாற்றும். அது குரோம் 84க்கும் சஃபாரி 14.1க்கும்தான் வந்தது, ஆனால் கிரிட்டில் முன்பே இருந்ததால் ‘சப்போர்ட்ஸ்’ கேள்விக்கு “உண்டு” என்றே பதில் வரும். அதனால் ஃப்ளெக்ஸில் இன்னும் மார்ஜின்தான் போடுகிறேன். மெனுவைத் தொட்டால் விரியும் ‘டீடெயில்ஸ்’ என்ற எச்டிஎம்எல் குறியால் செய்தேன், அதற்கு ஸ்கிரிப்ட் தேவையில்லை. அந்தக் குறி தெரியாத பிரவுசரில் மெனு விரிந்தபடியே இருக்கும், யாருக்கும் நஷ்டம் இல்லை.

பர்மியத்துக்கு மட்டும் படௌக் என்ற யூனிகோட் எழுத்துருவைத் தளத்தோடு அனுப்புகிறேன். போனில் ஜோஜி இருந்தாலும் பக்கம் அதைத் தொடாது. தமிழுக்குப் போனில் இருக்கும் எழுத்துருவே போதும், பார்ப்பவரின் டேட்டா மிச்சம். அடுக்கெழுத்துகள் மேலும் கீழும் வெட்டுப்படாமல் இருக்க வரி உயரத்தைத் தாராளமாக வைத்தேன், பெட்டிகளுக்கு உயரத்தை நிர்ணயிக்கவே இல்லை. இன்னொன்று: பர்மியத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் வழக்கம் இல்லை. சில பழைய பிரவுசர்களுக்கு எங்கே வரியை உடைப்பது என்று தெரியாமல் பக்கம் பக்கவாட்டில் நீண்டுவிடும். தலைப்புகளில் மட்டும் உடைக்கக்கூடிய இடங்களைக் கையாலேயே குறித்தேன். அலுப்பான வேலைதான், ஆனால் ஒருமுறை செய்தால் போதும்.

இரண்டாவது வழியும் திரையில் இதே பலனைத் தந்திருக்கும். நான் அதை விட்டதற்குக் காரணம் பராமரிப்பு. முன்பு தெரிந்த ஒருவரின் கடைக்கு அந்தக் கருவிகளை வைத்துத்தான் தளம் செய்தேன். இரண்டு வருடம் கழித்து, “தம்பி, போன் நம்பர் மாறிடுச்சு, மாத்திக் குடு” என்றார். ஒரு எண். பழைய ஃபோல்டரைத் திறந்து இயக்கினால் அந்தக் கருவிகளை ஓட்டும் நோட்.ஜேஎஸ் மென்பொருளின் புதிய பதிப்பில் ஓடவில்லை. ஒரு தொகுப்பை ஏற்றினால் இன்னொன்று இடித்தது. நூற்றுக்கணக்கான சின்னச் சின்னத் தொகுப்புகளை மறுபடி இறக்க வேண்டியிருந்தது. பாதியில் கரண்ட் போனது, வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு எண்ணை மாற்ற ஓர் இரவு போயிற்று.

அந்த இரவில்தான் எனக்குப் புரிந்தது: தளத்தைக் கட்டுவதைவிட, கட்டியவன் இல்லாதபோது அது என்ன ஆகும் என்பதுதான் பெரிய கேள்வி. நம் ஆட்கள் எத்தனை பேர் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகிறார்கள்! நானும் நாளை போகலாம். பள்ளிக்குக் கம்ப்யூட்டர் ஆள் கிடையாது. ஒரு சயாமாவும் (ஆசிரியையும்) ஒரு பழைய லேப்டாப்பும்தான் உண்டு. இப்போதைய தளம் ஏழெட்டு ஃபைல்கள், நோட்பேடில் திறந்து திருத்தி ஏற்றினால் முடிந்தது. கட்டும் கருவி எதுவும் நடுவில் இல்லாததால் காலப்போக்கில் கெட்டுப்போகவும் எதுவும் இல்லை.

வெளியாள் தரும் பாலிஃபில்லை நேராக லிங்க் செய்வது இன்னும் ஆபத்து. பாலிஃபில்.ஐஓ என்ற சேவையைப் பல ஆண்டுகள் எல்லோரும் நம்பிப் பயன்படுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் அது கைமாறியது. ஜூனில் பார்த்தால், அதை இணைத்திருந்த தளங்கள் வழியாக மொபைலில் பார்ப்பவர்கள் வேறு தளங்களுக்குத் திருப்பி விடப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிப்பு ஒரு லட்சம் தளங்களுக்கு மேல். பாலிஃபில் தேவைதான் என்றால் ஃபைலை இறக்கி நம் சர்வரிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

என் வழியில் குறையும் உண்டு. தளம் எல்லாப் போனிலும் ஒரே மாதிரி இருக்காது. பள்ளிக் குழுவில் ஒருவர் இரண்டு போன்களை அருகருகே வைத்து, “இதுல மூணு பத்தி, அதுல ஒண்ணு, ஏன்?” என்று கேட்டார். விளக்க நேரம் பிடித்தது. நீளமான தேர்வு முடிவு அட்டவணை பழைய போனில் இன்னும் பக்கவாட்டில்தான் நகர்கிறது. ஐபோனில் என் அனுபவம் குறைவு, ஒரு உறவினரின் போனில் மட்டும் பார்த்தேன். பழைய ஐபேட் வைத்திருப்பவர்கள் தாங்களே ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவிடம் மறுபடி காட்டினேன். ஒரே பத்தி, பெரிய எழுத்து, மெனு திறந்தது. சித்திரை வருடப் பிறப்பும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சானும் ஏப்ரலில் சேர்ந்து வருவதால் அந்த வாரம் விடுமுறை தேதி மாறியது. சயாமாவே ஃபைலைத் திறந்து திருத்தி ஏற்றிவிட்டு, அப்புறம்தான் எனக்குப் போன் செய்து சொன்னார்.