குளிக்க வருகிறவரை எந்தப் பலகை நிறுத்தும்?

தாமிரபரணிக் கரையிலும் அருவிப் பக்கமும் வைக்கிற பலகைகளில் முதல் வகை உத்தரவு: ‘இங்கு குளிக்கத் தடை. மீறினால் நடவடிக்கை.’ காவலர் ஒருவர் பக்கத்தில் நின்றால் இது போதும். அவர் டீ குடிக்கப் போனால் பலகையும் போன மாதிரிதான். தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பாபநாசத்தில் வந்து நிற்கிற குடும்பத்துக்கு, ‘அப்போ எங்கே குளிக்க?’ என்பதற்கு இதில் பதில் இல்லை.

அடுத்தது ‘இதுவரை இத்தனை பேர் பலி’. பயம் வரும் என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு இதில் சந்தேகம் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில், கல்லாகிப்போன மரங்கள் உள்ள தேசியப் பூங்காவில் உளவியலாளர் ராபர்ட் சியால்டினியின் குழு இரண்டு வகைப் பலகைகளைச் சோதித்துப் பார்த்தது. ‘பலர் எடுத்துப் போகிறார்கள்’ என்ற பலகை இருந்தபோது, அடையாளமிட்டு வைத்த கல்மரத் துண்டுகளில் சுமார் 8 சதவீதம் திருடு போனது. ‘எடுக்காதீர்கள்’ என்று மட்டும் சொன்னபோது 2 சதவீதத்துக்கும் குறைவு. அது திருட்டு, இது குளியல், சரி. ஆனாலும் பலி எண்ணிக்கையைப் படிக்கிற இளவட்டத்துக்கு, எல்லோரும் இறங்குகிற இடம்தான் இது என்ற செய்தியும் சேர்ந்தே போகிறது.

என் ஓட்டு மூன்றாவதுக்கு: காரணமும் மாற்று வழியும். ‘பாறைக்குக் கீழே கசம். மேலே தண்ணீர் அமைதியாகத் தெரியும். குளிக்க இடப்பக்கம் படித்துறை’ என்று அம்புக்குறியோடு. (கசம் என்றால் ஆற்றுக்குள் இருக்கும் ஆழமான பள்ளம்.) கேரளத்திலிருந்து வருகிறவர்களுக்காகப் படமும் வேண்டும்: எச்சரிக்கைக்கு மஞ்சள் முக்கோணம், தடைக்குக் குறுக்குக்கோடு போட்ட சிவப்பு வட்டம். நம்மூரில் அன்பளிப்புச் செய்தவர் பெயருக்கே பாதி இடம் போய்விடும், அது தனிக்கதை. பலகை இருக்க வேண்டியது வண்டி நிறுத்துமிடத்தில். பாறைக்கு வந்து சட்டையைக் கழற்றியவர் எதையும் படிக்கமாட்டார்.

ஆனால் பெயிண்ட் எழுத்துக்கு அன்றைய தண்ணீர் தெரியாது. அங்கேதான் குற்றாலம் பேரருவியின் பாதுகாப்பு வளைவு ஜெயிக்கிறது (2019-இல் அது திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டமானாலும் நெல்லைக்காரர்கள் நமக்குச் சீசன் அங்கேதான்). வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்க முடியாதென்று எழுத்தறியாதவருக்கும் புரியும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2024 மே மாதம் குற்றாலத்தின் ‘பழைய அருவி’யில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துப்போனது. மலைமேல் பெய்த மழை கீழே வெள்ளமாய் இறங்கும்போது, அருவிக்கடியில் தலையை நீட்டி நிற்பவர் எதையும் நிமிர்ந்து பார்க்கப் போவதில்லை. அந்த இடத்துக்குப் பலகை சரிவராது. சைரன்தான் வேண்டும், அதை ஒலிக்க மேலே ஓர் ஆளும்.