மன்னார்குடியில் அம்மா, புனேயில் நான், நடுவே ஒரு பிரஷர் மிஷின்

மன்னார்குடியில் இருக்கும் என் அம்மாவுக்கு 73 வயது, அப்பாவுக்கு 79. இருவருமே ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள். அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு: மருத்துவரின் அறைக்குள் நுழைந்தாலே அழுத்தம் 160ஐத் தொட்டுவிடும், வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் இறங்கிவிடும். இப்படி ஏறுவது பலருக்கும் உள்ளதுதான் என்றும், வீட்டில் எடுத்த அளவுகள் ஒரு வாரத்துக்காவது வேண்டும் என்றும் மருத்துவர் கேட்டார். நான் புனேயில் வேலை பார்ப்பவள். சென்ற ஆண்டு ஆடி மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, புளூடூத் வழியாகக் கைப்பேசியோடு இணைந்து அளவுகளைத் தானாகவே செயலியில் ஏற்றிவிடும் ரத்த அழுத்தக் கருவி ஒன்றை வாங்கி வைத்துவிட்டு வந்தேன். அதன் விலை 3,400 ரூபாய். அதே நிறுவனத்தின் புளூடூத் இல்லாத கருவி 2,200 ரூபாய்க்கே கிடைத்தது. அந்தக் கூடுதல் 1,200 ரூபாய் எதற்குப் பயன்பட்டது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சொல்லும் நிறைகுறைகள் பெரும்பாலும் இவ்வகைக் கருவிகள் அனைத்துக்கும் பொருந்துபவை என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில், அளக்கும் வேலையை அது சரியாகச் செய்கிறதா? செய்கிறது. மணிக்கட்டில் கட்டும் கருவிகளை மருத்துவர் வேண்டாம் என்றார். அதனால் மேல்கையில் கட்டுவதையே, அதிலும் முறையான சோதனையில் தேறிய கருவிகளைப் பட்டியலிடும் ஸ்டிரைட் பிபி இணையதளத்தில் இடம்பெற்ற ஒன்றையே தேர்ந்தெடுத்தேன். அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. பாதரசம் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்தால்தான் கணக்கு என்பது அவர் கட்சி. பாதரசத்தின் நச்சு காரணமாக, அதன் பயன்பாட்டைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை அந்தக் கருவிகளின் உற்பத்திக்கு 2020ஐ இறுதி ஆண்டாக வைத்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன், அவர் அசையவில்லை. கடைசியில் கருவியை மருத்துவரிடமே எடுத்துப்போய், அவருடைய கருவியோடு அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததில் மேல் அளவில் நான்கு புள்ளி வித்தியாசமே இருந்தது. அதன் பிறகுதான் அப்பா கையை நீட்டினார். தானியங்கிக் கருவி மருத்துவரைப் போல ஒலியைக் கேட்டு அளப்பதில்லை. பட்டையின் காற்று இறங்கும்போது ரத்தக்குழாய் ஏற்படுத்தும் அதிர்வுகளைப் பதிந்து, அவற்றிலிருந்து மேல் அளவையும் கீழ் அளவையும் கணக்கிடுகிறது. எனவே இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களிடம் அது தடுமாறக்கூடும். அப்படிப்பட்ட பெற்றோர் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வாங்குவது நல்லது.

கருவியைவிட அதன் கைப்பட்டையில்தான் நான் ஏமாந்தேன். பெட்டியோடு வந்த பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை சுற்றளவுள்ள கைகளுக்கானது. இதைப் பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள், நான் கவனிக்கவில்லை. முதல் பத்து நாள்களும் அம்மாவின் அளவு 150க்குக் கீழே இறங்கவே இல்லை. புனேயில் நான் தூங்காமல் கிடக்க, அம்மா தையல் டேப்பை எடுத்துக் கையைச் சுற்றி அளந்து 34 என்றார். கைக்குச் சிறிதான பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த பழைய விஷயம். 42 சென்டிமீட்டர் வரை பொருந்தும் பட்டையைத் தனியே 900 ரூபாய் கொடுத்து வாங்கி மாட்டியதும் அளவு 138 அளவில் வந்து நின்றது. வயதான பெற்றோருக்கு இதை வாங்குபவர்கள் கடைக்குப் போகும் முன் அவர்களின் மேல்கையை அளந்துகொள்ளுங்கள்.

இனி, கூடுதல் பணம் கொடுத்த அந்தச் செயலி. கணக்கு தொடங்க அம்மாவின் கைப்பேசிக்கு ஓடிபி அனுப்பினார்கள். அதை நான் புனேயிலிருந்து கேட்டபோது அம்மா சொல்ல மறுத்துவிட்டார். “யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீதானேடி சொன்னே?” என்றார். வங்கி மோசடிக்காரர்களுக்குப் பயந்து நான் நடத்திய பாடத்தை அவர் என்னைவிட நன்றாகக் கற்றிருந்தார். எனக்கு எரிச்சலாகவும் பெருமையாகவும் இருந்தது. பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன் வந்து முடித்துக்கொடுத்தான். அடுத்து இருப்பிட அனுமதி. அம்மாவினுடையது பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி. ஆண்ட்ராய்டு 12க்கு முந்தைய பதிப்புகளில், அருகிலுள்ள புளூடூத் கருவியைத் தேட வேண்டுமென்றால் செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுத்தாக வேண்டும். இருப்பிடத்தை அணைத்து வைக்கச் சொன்னதும் நானேதான். அம்மா அதை அணைக்கும் ஒவ்வொரு முறையும் இணைப்பு அறுந்தது. செயலியில் தமிழ் கிடையாது. என்ன தவறு நடந்தது என்பதை ஆங்கிலத்தில், அதுவும் சாம்பல் நிறச் சிற்றெழுத்தில் சொல்கிறது. சர்க்கரை நோயால் பார்வை மங்கிய ஒருவருக்கு அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இணைப்பு ஒழுங்காக இருந்த நாள்களிலும் வேறொரு சிக்கல் வந்தது. கருவியில் இருவருக்குத் தனித்தனிப் பதிவு உண்டு, அளப்பதற்கு முன் ஒரு சிறு விசையைத் தள்ளி ஆளை மாற்ற வேண்டும். ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு அம்மாவின் பெயரில் 171 என்று எனக்கு எச்சரிக்கை வந்தது. தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. அண்டை வீட்டாரை எழுப்பி அனுப்பினால், அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார். மாடிக்கு ஏறி இறங்கி வந்த அப்பா, மூச்சு வாங்கும்போதே விசையை மாற்றாமல் பட்டையைக் கட்டிப் பார்த்திருக்கிறார். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகே அளக்க வேண்டும் என்பதைச் செயலி அறிவுறுத்தாமல் இல்லை, அதை வாசிப்பவர்தான் அந்த வீட்டில் இல்லை.

என் பங்குக்கு நானும் அளவைக் கெடுத்தேன். தினமும் காலையில் காணொளி அழைப்பில் வந்து, முதுகைச் சாய்த்துக்கொள், காலைத் தரையில் ஊன்று, கையை மேசைமேல் வை என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். கை இதய மட்டத்துக்குக் கீழே தொங்கினால் அளவு கூடும் என்பதால் அந்த அறிவுரைகளில் பிழையில்லை. ஆனால் பட்டை இறுகும்போது அம்மா எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அளக்கும்போது பேசினால் அழுத்தம் ஏறும். பேசாமல் அளந்த நாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, என் மேற்பார்வையே பத்துப் புள்ளியைக் கூட்டியிருந்தது தெரிந்தது. அதன்பின் அளந்து முடித்த பிறகே பேசுவது என்று வைத்துக்கொண்டோம்.

மூன்றாவது மாதத்தில் செயலியை அம்மா கைவிட்டார். எனக்குச் சொல்லாமலேயே, தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் காலை அளவையும் மாலை அளவையும் பேனாவால் எழுதத் தொடங்கியிருந்தார். நேரம், மாத்திரைக்கு முன்னா பின்னா, முந்தின இரவு தூங்கினாரா, விரதமா, ஊறுகாய் தொட்டுக்கொண்டாரா என எல்லாம் அதில் இருக்கும். வாரத்தின் ஏழு தாள்களையும் மேசையில் பரப்பி வாட்ஸ்அப்பில் ஒரே படமாக அனுப்புவார். இரவு பேசும்போது எண்களை வாசித்துக்காட்டிவிட்டு, அந்த எண் ஏன் வந்தது என்று தன் விளக்கத்தையும் சொல்வார். செயலியில் ஓர் எண் வந்து விழுந்த நாள்களில் நான் அதைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று அழைக்காமலேயே இருந்திருக்கிறேன்.

அந்தத் தாள்களில் ஒன்றில்தான் ‘எழுந்தால் தலை சுற்றுகிறது’ என்று எழுதியிருந்தார். செயலியில் அதற்கு இடமே கிடையாது. மருத்துவரிடம் சொன்னதும், உட்கார்ந்த நிலையில் ஒரு முறையும், எழுந்து நின்று ஒன்றாவது, மூன்றாவது நிமிடங்களிலும் அளந்து எழுதிவரச் சொன்னார், அப்பா பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற எச்சரிக்கையோடு. உட்கார்ந்தபோது 136 இருந்த மேல் அளவு, நின்ற மூன்றாவது நிமிடத்தில் 112ஆக இறங்கியது. 20 புள்ளிக்கு மேல் இறங்கினால் கவனிக்க வேண்டும் என்று விளக்கி, ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்தார். தலைசுற்றல் நின்றது. எழுந்து நிற்கும்போது அழுத்தம் இப்படி இறங்குவது வயதானவர்கள் விழுவதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பதால், இந்த ஒரு பயனுக்காகவே நான் கருவிக்குக் கொடுத்த பணம் தகும். ஆனால் இதை 2,200 ரூபாய்க் கருவியும் செய்திருக்கும்.

மற்றவை சுருக்கமாக. நான்கு பென்சில் பேட்டரிகள் ஐந்து மாதம் தாங்கின. மின்சாரத்தில் ஓட்டும் அடாப்டரைத் தனியே வாங்க வேண்டும். எண்கள் பெரியவை, கண்ணாடி இல்லாமலும் அப்பா படிக்கிறார். பட்டையின் ஒட்டுப்பகுதி ஓராண்டில் கொஞ்சம் பிடி தளர்ந்திருக்கிறது.

பெற்றோரோடு உதவியாளர் ஒருவர் இருந்து, அவரே தன் கைப்பேசியில் அளவுகளை ஏற்றும் வீடுகளிலும், எழுத முடியாத அளவுக்குப் பார்வையோ கையோ தளர்ந்தவர்களுக்கும் புளூடூத் உதவும். எழுதவும் பேசவும் முடிகிறவர்களுக்கு அது தேவையில்லை. தை மாதம் கும்பகோணத்தில் என் மாமனாருக்கு வாங்கியபோது, முதலில் அவர் கையை அளந்துகொண்டு, புளூடூத் இல்லாததையே வாங்கினேன். மிச்சப்பட்ட பணத்தில் பெரிய பட்டை ஒன்றும், அவர் கேட்டபடி பெரிய தாள் வைத்த தினசரிக் காலண்டர் ஒன்றும் வந்தன.