850 கலோரியா, கீட்டோவா, மத்திய தரைக்கடல் உணவா? டைப் 2 சர்க்கரை நோய்க்கு எது சரி?

டைப் 2 சர்க்கரை நோய் என்று தெரிந்த மறுநாளே அறிவுரைகள் வந்து குவியும். மாவுச்சத்தை அடியோடு விடச் சொல்வார் ஒருவர், வாரத்தில் 2 நாள் பட்டினி கிடக்கச் சொல்வார் இன்னொருவர். எந்த வழியைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் நான் இரண்டு விஷயம்தான் பார்ப்பேன். சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது? ஒரு வருடம் தாண்டியும் அந்தப் பலன் நிற்கிறதா?

முதல் கேள்விக்கு அசத்தலான பதில் தருவது கடுமையான குறைந்த கலோரி முறை. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில் 306 பேர் இருந்தார்கள். எல்லோரும் எடை கூடியவர்கள், நோய் வந்து 6 வருடம் தாண்டாதவர்கள், இன்சுலின் போடாதவர்கள். ஒரு பிரிவினருக்குச் சர்க்கரை மாத்திரைகளை முதல் நாளே நிறுத்திவிட்டு, 3 முதல் 5 மாதம் வரை சூப், ஷேக் மட்டும் கொடுத்தார்கள். நாளுக்குச் சுமார் 850 கலோரிதான். பிறகு சாதாரண உணவைப் படிப்படியாகச் சேர்த்தார்கள். ஒரு வருட முடிவில் இவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே ஹெச்பிஏ1சி (கடந்த 2, 3 மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5க்குக் கீழே, அதாவது சர்க்கரை நோய்க்கான எல்லைக்குக் கீழே இருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 4 சதவீதம் பேருக்குத்தான் அப்படி. 15 கிலோவோ அதற்கு மேலோ இறக்கியவர்களை மட்டும் எடுத்தால் 86 சதவீதம்!

ஏன் இப்படி நடக்கிறது என்பதை பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர் ராய் டெய்லரின் 2011 ஆய்வு காட்டியது. நாளுக்கு 600 கலோரி மட்டும் சாப்பிட்ட 11 பேருக்கு ஒரே வாரத்தில் கல்லீரல் கொழுப்பு குறைந்து, வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. 8 வாரத்தில் கணையத்தில் இருந்த கொழுப்பும் குறைந்து, இன்சுலின் சுரப்பு மீண்டது. கல்லீரலிலும் கணையத்திலும் கொழுப்பு தேங்குவதுதான் பிரச்சினையின் வேர் என்றால், எடையைக் குறைப்பது வேரிலேயே கை வைப்பதாகும்.

சரி, இரண்டாவது கேள்வி? டைரக்டில் 46 சதவீதம் 2வது வருடத்தில் 36 ஆனது. 5 வருடம் வரை தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் 13 சதவீதம் பேர்தான் அந்த நிலையில் நின்றார்கள். எடை திரும்பினால் நோயும் திரும்புகிறது. அதனால் இதைக் குணம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள், நோய் தணிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மாவுச்சத்தைக் குறைக்கும் வழியின் பலம் வேறு. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை பெரும்பாலும் மாவுச்சத்திலிருந்து வருவதால், முதல் நாளிலேயே மீட்டரில் வித்தியாசம் தெரியும். பொதுவாக நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே வைப்பதைத்தான் இந்தப் பெயரால் சொல்கிறார்கள். கீட்டோவில் 50 கிராமுக்கும் கீழே போகும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஓர் அலசலில், 6 மாத முடிவில் ஹெச்பிஏ1சி 6.5க்குக் கீழே வந்தவர்கள் 57 சதவீதம், மற்ற உணவுமுறைகளில் 31. ஆனால் 12 மாதத்தில் அந்த முன்னிலை பெருமளவு தேய்ந்துவிட்டது. கீட்டோ அளவுக்கு இறுக்கிப் பிடித்து ஒரு வருடத்தில் விட்டுவிடுவதைவிட, 130 கிராமை ஒட்டி நிற்பதே மேல் என்று நினைக்கிறேன். எடை குறைக்க இடமில்லாதவர்களுக்கு 850 கலோரியைவிட இதுதான் பொருந்தும். விட்ட மாவுச்சத்துக்குப் பதில் வெண்ணெயும் கொழுப்பு மிகுந்த இறைச்சியும் வந்தால் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறலாம். சர்க்கரை நோயாளிகளின் உயிரை அதிகம் குடிப்பது இதய நோய் என்பதால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆலிவ் எண்ணெய், கொட்டைகள், பருப்பு, மீன், காய்கறி என்று போகும் மத்திய தரைக்கடல் உணவுமுறை பரபரப்பு எதையும் காட்டாது. ஆனால் இத்தாலியில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 215 பேரை 4 வருடம் கவனித்தபோது, இதைப் பின்பற்றியவர்களில் 44 சதவீதம் பேருக்குத்தான் மாத்திரை தேவைப்பட்டது. கொழுப்பைக் குறைத்துச் சாப்பிட்ட பிரிவில் 70 சதவீதம். அந்த 4 வருடம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வாரத்தில் 2 நாள் பட்டினி முறை (முழுப் பட்டினி அல்ல, அந்த 2 நாளும் உணவை வெகுவாகக் குறைப்பது), ஒரு வருட ஆய்வில், தினமும் அளவைக் குறைப்பதற்குச் சமமாகவே இருந்தது. எது சுலபமோ அதைச் செய்யலாம்.

என்னைக் கேட்டால், நோய் புதிது, எடையும் அதிகம் என்றால் மருத்துவர் துணையோடு முதலில் எடையை நன்றாக இறக்குங்கள். அப்புறம் மத்திய தரைக்கடல் பாணிக்கு மாறி, மாவுச்சத்தை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தயவுசெய்து, தொடங்கும் முன் மருந்துச் சீட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருந்தைக் குறைக்காமல் உணவை மட்டும் குறைத்தால் லோ சுகர் வந்து மயங்கி விழலாம். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் எடுப்பவர்கள் கீட்டோவில் இறங்கினால், மீட்டரில் சர்க்கரை கிட்டத்தட்ட சரியாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். கண்ணையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். விழித்திரை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால், சர்க்கரை சட்டென்று இறங்கும்போது அது இன்னும் மோசமாகலாம்.